தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு

இரவுப் பணிக்கு வந்ததும்
நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.
நூறு பேர் கேட்டால்
எத்தனை பேருக்குக் கைவசம் இருந்த பதிலையே
கொடுத்தனுப்பினோம் என்பது.
பச்சையாக இருந்தால் டீ குடிக்கலாம்.

வண்ணாரப்பேட்டை, மூன்றாம் மாடி.
கீழே ராயப்பன் பரோட்டாக் கடை.
கேஷ் என்றால் என்ன என்று
சேர்ந்த வாரத்தில் மைதீன் பிச்சை கேட்டபோது
ஜன்னல் வழியே அந்த அடுக்கைக் காட்டினேன்:
அதிலிருந்து எடுத்து இலையில் வைத்தால் ஹிட்.
அடுக்கு காலி, மாவை வீசிக் கல்லில் போட்டால் மிஸ்.
"ஆறிப் போனதக் குடுத்தா?" என்றான்.
எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை
நாமேதான் எழுதி வைக்க வேண்டும் என்றேன்.

அணையும் ஆறும் காட்டும் பக்கத்துக்கு
மூவாயிரத்து அறுநூறு நொடி என்று எழுதியவள் நான்.
அப்போது சித்திரை.
சுலோச்சன முதலியார் பாலத்துக்குக் கீழே
எருமை ஒன்று முழங்கால் நனையாமல் போய்க்கொண்டிருந்தது.
மணிக்கு ஒருதரம் பார்த்தால் போதாதா, ஆற்றை.
சர்வர் செலவு பாதியானது.
கோயில்பிள்ளை சார் எல்லோருக்கும் மெயில் போட்டார்:
பிரம்மசக்திக்குப் பாராட்டுகள்.
தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு.

பிறகு அந்த மார்கழி ராத்திரி.
எட்டரைக்கு மேல் மாவட்டமே போனைத் திறந்து கேட்டது,
பாபநாசம் எவ்வளவு, மணிமுத்தாறு எவ்வளவு,
எவ்வளவு திறந்து விட்டிருக்கிறான்.
நொடிக்கு நாற்பது கேள்வி,
நூறு,
நானூறு.
சர்வருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.
நினைவகத்தில் பாதி மிச்சம். வெளியேற்றம் பூஜ்யம்.
தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு.
அந்த உயரத்தை நான் பார்த்ததே இல்லை.
போனில் படம் பிடித்துக்கொண்டேன். வெளியே
ஜெனரேட்டர் சத்தத்தை மழை மூடிக்கொண்டிருந்தது.

ஒன்பது ஐம்பதுக்கு அலுவலக எண்ணில் ஒரு குரல்.
முக்கூடல் பக்கம் நீரேற்று நிலையம். பேர் பலவேசம்.
"எக்கா, ஒங்க இதுல எட்டாயிரம் கனஅடின்னு காட்டுது.
ஒம்பது மணிக்கும் அதான், இப்பவும் அதான்.
இங்க மோட்டார் ரூம்ல முட்டளவுக்கு வந்துட்டு.
எட்டாயிரத்துக்கு இப்பிடி வராதே.
இருக்கவா, ஏறிப் போயிரவா?"

எட்டு ஐம்பத்தெட்டுக்கு எடுத்து வைத்த பதில்.
கணக்குப்படி
இன்னும் எட்டு நிமிடம் அது செல்லும்.

துடைத்துவிடும் கட்டளை ஒரே வரி.
அடித்தேன்.
தொண்ணூறு, அறுபது, பன்னிரண்டு என்று
கோடு படியில் உருண்டது.
பக்கம் திறக்க ஏழு நொடி, பதினோரு நொடி.
திரை முழுக்கச் சிவப்பு.
மைதீன் எழுந்து நின்றான்.
மிஸ் என்பதைத் தவறவிட்டது என்று சொல்லிக் கொடுத்திருந்தேன்;
போய்ப் பார்த்துவிட்டு வந்தது
என்று சொல்லியிருக்கலாம்.

"வந்துட்டு, வந்துட்டு. நாப்பதாயிரம்" என்றான் பலவேசம்,
யாருக்கோ படித்துக் காட்டுவதுபோல.
லைன் போய்விட்டது.

ஒரு மணிக்கு அதே எண்.
மேல்நிலைத் தொட்டிப் படியில் உட்கார்ந்திருக்கிறானாம்.
ஸ்டார்ட்டர் பெட்டி முங்கிவிட்டதாம்.
பேச வேறொன்றும் இல்லாமல்,
"சாப்ட்டியளா எக்கா?"

காலையில் மெயில்:
நேற்றைய சராசரி அறுபத்தொன்று. காரணம் தேவை.
ஆறு என்று அடித்தேன். அழித்தேன்.
புள்ளி ஆறா, ஓடும் ஆறா
என்று அவர் கேட்கக்கூடும்.

மூவாயிரத்து அறுநூறை
அறுபது ஆக்கியிருக்கிறேன்.
எண் மறுபடியும் பச்சைக்கு வந்துகொண்டிருக்கிறது.
நாற்பதாயிரத்தை அறுபதால் பெருக்கினால்
இருபத்துநாலு லட்சம் கனஅடி.
இப்போதும் அவ்வளவு தண்ணீர்
எனக்குத் தெரியாமல் போகும்,
நிமிடத்துக்கு நிமிடம்,
ஜன்னலுக்கு வெளியே.